சூடு பார்த்து வேலை செய்யும் கிருமி
வாசகர் கேள்விகளும் பதில்களும்

என் மகனுக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வலது அடிவயிற்றில் வலி. குடல்வால் என்று ஆபரேஷன் வரைக்கும் பேச்சு போனது. ஸ்கேனில் குடல்வால் நன்றாக இருக்கிறது, நெறிதான் வீங்கியிருக்கிறது என்றார்கள். மலப் பரிசோதனையில் 'யெர்சினியா' என்று வந்திருக்கிறது. தேடிப் பார்த்தால் பிளேக் கிருமி என்கிறார்கள். வீடே கலங்கிப்போயிருக்கிறது. (வாசகி, ஓசூர்)

உங்கள் மகனுக்கு வந்திருப்பது பிளேக் இல்லை. யெர்சினியா என்பது ஒரு பேரினத்தின் பெயர். அதில் மனிதருக்கு நோய் தருபவை முக்கியமாக மூன்று. பிளேக்கைத் தருவது பெஸ்டிஸ். குடலைப் பிடிப்பவை என்டெரோகொலிட்டிகாவும் சூடோட்யூபர்குலோசிஸும். மலத்தில் வழக்கமாகக் கிடைப்பது என்டெரோகொலிட்டிகா. ரிப்போர்ட்டில் முழுப் பெயரையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இது சரியாக வேகாத பன்றிக்கறி, காய்ச்சாத பால், அசுத்தமான தண்ணீர் வழியாக வருகிறது. நோயே இல்லாத பன்றியின் தொண்டையிலும் இது குடியிருக்கும். யூரியேஸ் என்ற நொதியால் அம்மோனியா உண்டாக்கி, இரைப்பை அமிலத்தைச் சமாளித்துச் சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே எம் செல்கள் என்று ஒருவகை உண்டு. குடலில் வருவதைச் சோதனைக்காக உள்ளே அனுப்புவதுதான் அவற்றின் வேலை. கிருமி தன் மேலுள்ள இன்வேசின் என்ற புரதத்தால் அந்தச் செல்லைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைந்து, பக்கத்து நிணநீர் முடிச்சுகளில், அதாவது நெறிகளில், தங்குகிறது. அந்த முடிச்சுகள் குடல்வாலை ஒட்டியே இருப்பதால்தான் வலி குடல்வால் வலி போலவே தெரிகிறது.

அங்கே வெள்ளை அணுக்கள் திரண்டு வந்தும் ஏன் உடனே விழுங்கிவிடவில்லை? உடலின் 37 டிகிரி சூடு பட்டதும் கிருமி தன் பிளாஸ்மிடில் (முக்கிய டிஎன்ஏவுக்கு வெளியே தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ வளையம்) உள்ள ஒரு ஜீன் தொகுப்பை முடுக்கிவிடுகிறது. அதன் உடம்பெங்கும் ஊசி மருந்து போடும் சிரிஞ்சு போன்ற அமைப்புகள் முளைக்கின்றன. வெள்ளை அணு நெருங்கித் தொட்டதும் யாப் எனப்படும் புரதங்களை நேராக அதற்குள் செலுத்துகிறது. யாப்-ஹெச், அணு கிருமியைப் பற்றிக்கொள்வதற்கான சமிக்ஞையைத் துண்டிக்கிறது. யாப்-இ, விழுங்குவதற்குத் தேவையான ஆக்டின் இழைகளைக் குலைக்கிறது. யாப்-பி, மற்ற அணுக்களைத் திரட்டும் அழைப்பையே அடக்கி, சில அணுக்களைச் சாகவும் வைக்கிறது. இப்படி விழுங்கப்படாமல், அணுக்களுக்கு வெளியிலேயே கூட்டமாகப் பெருகுகிறது.

இருந்தாலும் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களும் எதிர்ப்புரதங்களும் தயாரானதும் உடல் மீண்டுவிடும். பெரும்பாலோருக்கு 1 முதல் 3 வாரத்தில் தானாகச் சரியாகும். மெடிக்கலில் கேட்டு அமாக்ஸிசிலின் வாங்கித் தராதீர்கள். அந்த வகை மருந்தைச் சிதைக்கும் நொதி இதனிடம் உண்டு. காய்ச்சல் நின்ற பிறகும் சில வாரம் மலத்தில் கிருமி வரும் என்பதால் கழிப்பறை போனபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வையுங்கள். அடுத்த சில வாரங்களில் முழங்கால், கணுக்கால் வீங்கினாலோ, முழங்காலுக்குக் கீழே சிவந்த கட்டிகள் வந்தாலோ, இந்தத் தொற்றைச் சொல்லியே மருத்துவரிடம் காட்டுங்கள்.

லேபில் இந்தக் கிருமி ஏன் கைக்குச் சிக்குவதே இல்லை? (லேப் டெக்னீசியன், தருமபுரி)

எல்லாத் தட்டுகளையும் 37 டிகிரியில் வைப்பதுதான் காரணம். அந்தச் சூட்டில், வழக்கமாகப் பயன்படுத்தும் மெக்கான்கி அகார் என்ற வளர்ப்பு ஊடகத்தில் இது மெதுவாக, ஊசிமுனை அளவே வளரும். மற்றவை அதை மூடிவிடும். யெர்சினியாவைப் பிரித்தெடுக்க உதவும் சிஐஎன் அகாரில் போட்டு 25 முதல் 30 டிகிரியில் 48 மணி நேரம் வையுங்கள். நடுவில் அடர்சிவப்பும் சுற்றிலும் வெளிறிய விளிம்புமாகக் காலனி (கிருமித் திரள்) வரும். அசைவுச் சோதனையை 25, 37 இரண்டிலும் செய்யுங்கள். என்டெரோகொலிட்டிகா 25இல் நகரும், 37இல் நகராது. 37இல் திரும்பத் திரும்ப வளர்த்தால் அந்தப் பிளாஸ்மிடையே இழந்துவிடும். பிறகு அதன் நோய்த்திறனைச் சோதிப்பதில் பயனில்லை.

பன்றிக்கறியை ஃப்ரிட்ஜில் வைத்தால் கிருமி அடங்குமா? (வாசகர், பாலக்கோடு)

அடங்காது. 4 டிகிரியிலும் மெல்லப் பெருகும். அன்றன்றைக்கு வாங்கி, உள்ளே சிவப்பே தெரியாமல் வேகவையுங்கள். பச்சைக் கறி நறுக்கிய பலகையில் வெங்காயம், தக்காளி நறுக்காதீர்கள்.

எலி செத்து விழுந்தால் ஊரைக் காலி செய்ய வேண்டும் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். இன்னும் அந்தப் பயம் தேவையா? (வாசகர், தேன்கனிக்கோட்டை)

எலி செத்து விழுவது பிளேக்கின் அறிகுறியாக இருக்கலாம் என்று பெரியவர்கள் கண்டு சொன்னது சரிதான். பாகலூரைத் தாண்டினால் கோலார் மாவட்டம். அங்கே முல்பாகலில் 1966இல் பிளேக் வந்தது. அதன்பின் நாட்டில் ஓய்ந்திருந்து, 1994இல் பீட் மாவட்டத்திலும் சூரத்திலும் தலைகாட்டியது. வெள்ளெலி போன்ற காட்டு எலிகளிடையே இது சுற்றிவரக்கூடியது என்பதால் கண்காணிப்பு தேவைதான், ஊரைக் காலி செய்யத் தேவையில்லை.

எலி செத்து உடல் குளிர்ந்ததும் தெள்ளுப்பூச்சி அதைவிட்டு வேறு உடலைத் தேடும். கிருமி பெருகிப் பூச்சியின் உணவுப்பாதையை அடைத்திருப்பதால் பசியில் திரும்பத் திரும்பக் கடிக்கும், ஒவ்வொரு கடியிலும் கிருமி இறங்கும். பூச்சிக்குள் சூடு குறைவு. அங்கிருந்து வரும் கிருமிக்கு மேலுறை இல்லாததால் வெள்ளை அணுக்கள் பலவற்றைக் கொன்றுவிடும். மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் வெள்ளை அணுவுக்குள் பிழைத்தவை 37 டிகிரியில் மேலுறை போட்டுக்கொண்டு வெளியே வரும். கிருமியின் வெளிச்சுவரில் உள்ள கொழுப்புச் சங்கிலிகளும் ஆறிலிருந்து நான்காகக் குறையும். அதனால் உடலின் எச்சரிக்கை அமைப்புக்கு அது வந்ததே சரியாகத் தெரியாது.

பலரும் முதலில் எலி மருந்து வைக்கிறார்கள். எலி செத்ததும் பசித்த பூச்சியெல்லாம் வீட்டுக்குள் வந்துவிடும். முதலில் வளையிலும் எலி ஓடும் தடத்திலும் பூச்சிமருந்து போட வேண்டும், அதற்குப் பிறகுதான் எலி மருந்து. காரணம் தெரியாமல் பல எலிகள் செத்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், எரித்தும் விடாதீர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள். நோய்க்கடத்திகளையும் விலங்குவழி நோய்களையும் ஆராயும் அரசு நிறுவனம் ஓசூரிலேயே இருக்கிறது. எலிகள் செத்த இடத்தில் யாருக்காவது கடும் காய்ச்சலும் தொடை இடுக்கிலோ அக்குளிலோ வலியுடன் நெறிகட்டும் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஜென்டாமைசின், டாக்ஸிசைக்ளின் போன்றவை சீக்கிரம் தொடங்கினால் நன்றாகக் கேட்கும்.

தலசீமியா (அடிக்கடி இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் பரம்பரை இரத்தசோகை) உள்ள மகளுக்கு இரும்பைக் குறைக்க டெஸ்ஃபெரால் ஊசி போடுகிறோம். காய்ச்சலோடு வயிற்று வலி வந்தால் ஊசியை நிறுத்திவிட்டு வரச் சொல்கிறார் டாக்டர். ஏன்? (வாசகர், ஊத்தங்கரை)

உங்கள் டாக்டர் சொன்னபடியே செய்யுங்கள். யெர்சினியா பெருக இரும்பு வேண்டும். டெஸ்ஃபெரால் பிடித்து வைத்திருக்கும் இரும்பை அப்படியே வாங்கிக்கொள்ளும் ஏற்பி (பற்றிக்கொள்ளும் புரதம்) என்டெரோகொலிட்டிகாவிடம் இருக்கிறது. குடலோடு நிற்க வேண்டியது இரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். வயிற்றுப்போக்கு இல்லாவிட்டாலும் காத்திருக்க வேண்டாம். ஊசியை நிறுத்தி, உடனே போய், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் பிளட் கல்ச்சர் எடுக்கச் சொல்லுங்கள். டெஸ்ஃபெரால் போடுகிற பிள்ளை என்பதை ஓ.பி. சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.