நோட்டீஸ் முழுக்க 'பிரீச்': எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்?

கேள்வி: நான் தனியாக வெப்சைட் வடிவமைத்துத் தருகிறேன். ஒரு நிறுவனத்தோடு எழுத்து ஒப்பந்தம் போட்டு, பாதித் தொகையை முன்பணமாக வாங்கினேன். அவர்கள் தர வேண்டிய விவரங்கள் தாமதமாகவே வந்தன. முதல் பகுதியை நானும் கெடு தாண்டித்தான் கொடுத்தேன், எதுவும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் திடீரென ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டார்கள். மீதிப் பணம் வரட்டும் என்று அவர்களுடைய ஹார்டு டிஸ்க்கை என்னிடமே வைத்திருக்கிறேன். ஒரு பிழையைச் சரிபார்க்க, வாடிக்கையாளர் பட்டியல் இருந்த ஃபைலை ஒரு நண்பருக்கு அனுப்பியதும் உண்டு. போனில் கொஞ்சம் சத்தமாகவும் பேசிவிட்டேன். இப்போது ஆங்கிலத்தில் வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. நான்கு இடத்தில் 'பிரீச்' (மீறல்) என்று எழுதி, 15 நாளில் 5 லட்சம் தராவிட்டால் கிரிமினல் வழக்கு என்கிறார்கள். நான் ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்குமா?

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், வேலை தாமதமானதற்காக யாரும் உங்களை ஜெயிலுக்கு அனுப்ப முடியாது. ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் எனக்குக் கவலை தருகின்றன. இரண்டையும் நீங்கள் ஏதோ சின்ன விஷயம்போல ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

அந்த நோட்டீஸில் 'பிரீச்' என்பது ஒப்பந்தத்துக்கும், நம்பிக்கைக்கும், ரகசியத்துக்கும், பொது அமைதிக்கும் சேர்த்து எழுதப்பட்டிருக்கும். படிக்கும்போது ஒரே குற்றத்தை நான்கு தரம் செய்ததுபோல இருக்கும். நான்கும் வேறு வேறு சட்டப் பிரிவுகளில் வருகின்றன. எதிராளி நிரூபிக்க வேண்டியதும் ஒவ்வொன்றுக்கும் வேறு.

ஒப்பந்த மீறலில் தொடங்குவோம், உங்கள் வழக்கின் உடம்பே இதுதான். இது சிவில் விவகாரம், 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் வருவது. பிரிவு 73-ன்படி, மீறலால் இயல்பாக விளைந்த நஷ்டத்தையும், ஒப்பந்தம் போடும்போதே இரண்டு தரப்பும் எதிர்பார்த்திருந்த நஷ்டத்தையும் மட்டுமே கேட்கலாம். சுற்றிவளைத்து வந்த நஷ்டத்துக்கு இழப்பீடு கிடையாது. 'வெப்சைட் இல்லாததால் எங்களுக்கு ஒரு பெரிய ஆர்டர் கைநழுவிப் போனது' என்று அவர்கள் சொன்னால், அப்படி ஒரு ஆர்டர் இருந்தது உங்களுக்கு முன்பே தெரியுமா என்பதுதான் கேள்வி.

அந்த 5 லட்சம் ஒப்பந்தத்திலேயே அபராதமாக எழுதப்பட்டிருக்கலாம். அப்படி இருந்தாலும் அது முழுசாக அவர்களுக்குப் போய்விடாது. பிரிவு 74-ன்படி எழுதிய தொகை உச்சவரம்புதான், அதற்குள் நியாயமான இழப்பீட்டைத்தான் நீதிமன்றம் தரும். நஷ்டமே ஏற்படாத இடத்தில் இழப்பீடு இல்லை என்று கைலாஷ்நாத் அசோசியேட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

உங்களுக்குச் சாதகமான இரண்டு பிரிவுகளைப் பலர் எடுத்துச் சொல்வதே இல்லை. பிரிவு 67: வேலை செய்வதற்கான வசதியை எதிர்த்தரப்பு செய்து தராவிட்டால், அதனால் நின்றுபோன வேலைக்கு நீங்கள் பொறுப்பல்ல. சட்டத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு: வீட்டைப் பழுதுபார்க்கச் சொன்ன உரிமையாளர், எந்த இடத்தைச் சரிசெய்ய வேண்டும் என்று காட்டவே இல்லை என்றால், பழுதுபார்க்க ஒப்புக்கொண்டவர் மேல் பிழை இல்லை. விவரங்களைக் கேட்டு நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு மின்னஞ்சலும் இங்கே உங்களைக் காப்பாற்றும். அடுத்தது பிரிவு 55. கெடு முக்கியம் என்று போட்ட ஒப்பந்தத்தில்கூட, தாமதமாக வந்த வேலையை ஏற்றுக்கொள்கிறவர், அப்போதே 'இழப்பீடு கேட்பேன்' என்று தெரிவித்திருக்க வேண்டும். பேசாமல் வாங்கிக்கொண்டுவிட்டு, அந்தத் தாமதத்துக்காகப் பின்னால் பணம் கேட்க முடியாது. முதல் பகுதி விஷயத்தில் இதை அப்படியே சொல்லலாம்.

இனி நம்பிக்கை மோசடி. பயமுறுத்துவதற்காகவே சேர்த்த வரி இது. பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) பிரிவு 316-ன்படி 5 ஆண்டு வரை சிறை உண்டு, போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றமும்கூட. ஆனால் ஒரு பொருள் உங்களிடம் நம்பி ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும், அதை நீங்கள் நேர்மையில்லாமல் அபகரித்திருக்க வேண்டும் அல்லது சொந்தத்துக்குப் பயன்படுத்தியிருக்க வேண்டும். வேலைக்கு வாங்கிய முன்பணம் பொதுவாக இந்த 'ஒப்படைப்பு' ஆகாது, அது உங்கள் கூலியின் ஒரு பகுதி. ஏமாற்று வழக்கு என்று மாற்றிப் போட்டாலும், பணம் வாங்கிய அன்றே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று அவர்கள் காட்ட வேண்டும். பாதி வேலையை முடித்துக் கொடுத்தவரிடம் அதைக் காட்டுவது கடினம். ஒரே பொருளை வைத்து ஏமாற்று, நம்பிக்கை மோசடி இரண்டையும் ஒன்றாகச் சுமத்த முடியாது என்று 2024-ல் டெல்லி ரேஸ் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் கீழ்நிலை நீதிமன்றங்களையும் போலீஸையும் சேர்த்தே கண்டித்தது.

முன்பணத்தைப் பற்றி இப்படிச் சொல்ல முடிகிற எனக்கு, ஹார்டு டிஸ்க்கைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அது அவர்கள் பொருள், உங்களிடம் ஒப்படைத்தது, பணம் வரட்டும் என்று நீங்கள் திருப்பித் தராமல் வைத்திருக்கிறீர்கள். வேலைக்கான கூலி வரும்வரை பொருளைப் பிடித்துவைக்கும் உரிமை ஒப்பந்தச் சட்டம் பிரிவு 170-ல் இருப்பது உண்மைதான். ஆனால் அது அந்தப் பொருளின் மேலேயே உழைத்தவருக்கு: கோட்டு தைத்த தையல்காரர், கல்லைப் பட்டை தீட்டிய நகைத் தொழிலாளி. உங்கள் உழைப்பு வெப்சைட்டில் இருக்கிறது, டிஸ்க்கில் இல்லை. வெறும் பண விவகாரமாக இருப்பதை கிரிமினல் வழக்காக மாற்றக்கூடிய பெரிய கதவு இதுதான், அதை நீங்களே திறந்து வைத்திருக்கிறீர்கள். பதில் நோட்டீஸ் போகும் முன்பே டிஸ்க்கைத் திருப்பிக் கொடுங்கள். ஒப்புகைக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் கூரியரில் அனுப்பி ரசீதை வையுங்கள். மீதிப் பணத்தைக் கேட்கும் உரிமை இதனால் போகாது.

நான் கவலைப்படும் அடுத்த விஷயம், நண்பருக்குப் போன அந்த ஃபைல். ஒப்பந்தத்தில் ரகசியக் காப்பு விதி இருந்தால், இது அந்த விதியை மீறியதுதான். மறுக்க வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 72ஏ-யையும் நோட்டீஸில் இழுத்திருப்பார்கள். ஒப்பந்தப்படி கையில் கிடைத்த தனிநபர் விவரத்தைச் சம்மதமின்றி வெளியிட்டால் 3 ஆண்டு வரை சிறை என்கிறது அது. ஆனால் ஒருவருக்குத் தவறான நஷ்டமோ ஒருவருக்குத் தவறான லாபமோ உண்டாக்கும் எண்ணத்தில், அல்லது உண்டாகக்கூடும் என்று தெரிந்தே வெளியிட்டிருக்க வேண்டும். பிழை பார்க்கக் கொடுத்தது அந்த வகையில் சேராது என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது. ஆனாலும் இன்றைக்கே நண்பரிடம் சொல்லி அந்த ஃபைலை அழிக்கச் செய்யுங்கள். வேறு யாருக்கும் கொடுக்கவில்லை, அழித்துவிட்டேன் என்று அவரிடம் எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் இந்தத் தகராறில் சம்பந்தமே இல்லாதவர்கள். வழக்கைத் தாண்டி, அவர்களுக்காகவும் இதைச் செய்ய வேண்டும்.

அமைதிக்குப் பங்கம் என்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போனில் சத்தமாகப் பேசினால் மட்டும் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 352 வராது. எதிராளியை அமைதியைக் குலைக்கத் தூண்டும் எண்ணத்தோடு வேண்டுமென்றே அவமதித்திருக்க வேண்டும். வந்தாலும் அது ஜாமீனில் விடக்கூடிய குற்றம், வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாது.

சரி, பதிலுக்கு வருவோம். பேசாமல் இருந்துவிடாதீர்கள், மௌனத்தைப் பின்னால் உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள். ஒரு வக்கீல் மூலம், நான்கு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாக, தேதிகளோடு பதில் அனுப்புங்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வரியில் மறுப்பது வேண்டாம். அதற்கு முன் 'என் தப்புதான், மன்னிச்சிடுங்க' என்று வாட்ஸ்அப்பில் எதுவும் எழுதிவிடாதீர்கள், மரியாதைக்குச் சொன்னது ஒப்புதலாகிவிடும். பழைய உரையாடல்களையும் அழிக்க வேண்டாம். அவற்றை நீதிமன்றத்தில் சாட்சியமாகக் கொடுக்க பாரதிய சாட்சிய அதிநியமம் (இப்போதைய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-ன்படி சான்றிதழ் தேவைப்படும், எனவே அந்த போனை மாற்றாமல் வைத்திருங்கள்.

முடித்துக் கொடுத்த வேலைக்கு உங்களுக்கு வர வேண்டிய தொகையையும் அதே பதிலில் கேளுங்கள். ஒப்பந்த மீறலுக்கு இழப்பீடு கேட்டு வழக்குப் போட, மீறல் நடந்த நாளிலிருந்து 3 ஆண்டு காலவரம்பு. அது அவர்களுக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு. காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால் எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள். போகும்போது பதில் நோட்டீஸின் நகலையும் டிஸ்க் கொடுத்த ஒப்புகையையும் எடுத்துக்கொண்டு, வக்கீலோடு போங்கள். அங்கே உட்கார்ந்து பணம் தருவதாக எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பணத்தை வசூலித்துக் கொடுப்பது போலீஸ் வேலை இல்லை.