பூவும் அது நிற்கும் மண்ணும்

அன்புள்ள அக்கா,

நான் திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் இருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். டொக்டர் சொன்னதால் பின்னேரங்களில் கடற்கரையோரமாய் நடக்கத் தொடங்கினேன். இப்போது நடையை விடப் பூக்களைப் படம் பிடிக்கிற பைத்தியம் கூடிவிட்டது. மணலில் படர்கிற கொடி, வேலியோரச் செடி என்று எதைக் கண்டாலும் போனை எடுத்துக் குனிந்துவிடுகிறேன். ஆனால் படங்களில் உயிர் இல்லை. பூ சோர்ந்துபோய்த் தெரிகிறது. மஞ்சள் பூ என்றால் வெறும் மஞ்சள் திட்டாக விழுகிறது. நல்ல கமரா வாங்கினால் சரியாகுமா? பூவைப் பறித்துவந்து வீட்டில் வைத்து எடுத்தால் என்ன என்று மகன் கேட்கிறான். சில படங்களை இணைத்திருக்கிறேன். அந்த ஊதாப் பூவின் பெயரையும் சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம், உப்புவெளி

அன்புள்ள ரீச்சர்,

படங்களைப் பார்த்தேன். பூ சோர்ந்து தெரிவதற்குப் போன் காரணமில்லை, நேரம்தான் காரணம். உப்புவெளி மணலில் படர்வது பெரும்பாலும் அடம்பன் கொடி. அது விடியவே விரியும், வெயில் ஏற ஏறச் சுருங்கும், பின்னேரம் வதங்கிவிடும். அடுத்த நாள் பூப்பது வேறு பூ. ஐந்து மணிக்குப் போய் அதைப் படம் எடுப்பது, பந்தல் பிரிக்கிற நேரத்தில் கலியாண வீட்டுக்குப் போய் மாப்பிள்ளை பொம்பிளையைத் தேடுவது போலத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலமை போய்ப் பாருங்கள். நமக்குக் கடல் கிழக்கே இருப்பது பெரிய வசதி. சூரியன் கடலுக்கு மேலே பதிவாக நிற்கும்போது, கடலைப் பார்த்தபடி மணலில் குந்தி, போனைப் பூவின் உயரத்துக்கு இறக்குங்கள். வெளிச்சம் இதழின் பின்னாலிருந்து ஊடுருவி வரும். அடம்பன் இதழ் மெல்லியது, உள்ளே நட்சத்திரமாய் ஓடுகிற அடர்ந்த கோடுகள் அப்போதுதான் துலங்கும். நின்றபடி மேலிருந்து எடுத்தால் அதெல்லாம் அமுங்கிப்போகும். கொடியை மட்டும் மிதித்துவிடாதீர்கள். காற்று மணலை அள்ளிக்கொண்டு போகாமல் பிடித்து வைத்திருப்பது அதுவும் ராவணன் மீசைப் புல்லும்தான்.

பின்னேரம்தான் தோது என்றால் அந்த நேரத்துப் பூக்களைத் தேடுங்கள். பூவரசம் பூ காலையில் மஞ்சளாய் விரிந்து, பொழுது சாயச் சாயச் சிவந்துகொண்டு வரும். ஒரே மரத்தை இரண்டு நேரத்தில் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாயுண்ணிக்கு நேரம் காலம் இல்லை. ஒரு கொத்தில் நடுவில் இருக்கிற இளம் பூ மஞ்சள், ஓரத்தில் முதிர்ந்தது வேறு நிறம். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் காணிகளை வளைத்துப் பிடித்த செடி, அதைப் போய் எடுப்பதா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நான் எடுப்பேன். வண்ணத்துப்பூச்சிகள் அந்தக் கணக்குப் பார்ப்பதில்லை.

மஞ்சள் திட்டுக்கு வழி சுலபம். ஆவரசு, நெருஞ்சி போன்ற பளிச்சென்ற பூக்களைக் கடும் பச்சைக்கு நடுவே எடுக்கும்போது, போன் பச்சையைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. பூவின் இதழ்க் கோடுகள் எரிந்துபோகின்றன. திரையில் பூவைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். தும்பைக்கும் இதுதான். இன்னொன்று, நீங்கள் பூவுக்கு மிகக் கிட்டப் போகிறீர்கள். போன் கமராவால் அவ்வளவு கிட்டத்தில் தெளிவு பிடிக்க முடியாது. ஒரு சாண் பின்னுக்கு வந்து, கொஞ்சம் சூம் பண்ணுங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் உடம்பால் காற்றை மறைத்துக்கொண்டு, பத்துப் படம் எடுத்து ஒன்பதை அழியுங்கள்.

ஊதாப் பூவுக்கு வருகிறேன். பெயர் சொல்ல முடியவில்லை ரீச்சர். அடம்பன் என்று ஊகிக்கலாம், ஆனால் அந்தக் குடும்பத்தில் ஊதாப் பூக் கொடிகள் பல. படத்தில் இலை இல்லை, தண்டு இல்லை, மண் கூட இல்லை. பின்னணியை மங்கலாக்குகிற வசதியைப் போட்டு எடுத்திருக்கிறீர்கள், எல்லாமே பச்சைப் புகையாகக் கிடக்கிறது. எனக்கு இந்த மோகம் அறவே பிடிப்பதில்லை. அப்படி எடுத்த பூ உப்புவெளியில் பூத்தாலும் ஒன்றுதான், நுவரெலியாவில் பூத்தாலும் ஒன்றுதான். அடம்பனை அடையாளம் காட்டுவது அதன் நுனி பிளந்த இலை. பழைய பாட்டிலேயே அதை மானின் குளம்புக்கு ஒப்பிட்டிருக்கிறார்கள். பூவைக் கிட்டத்தில் ஒன்று எடுத்தால், இலையும் தண்டும் தெரிய ஒன்று, இடம் முழுக்கத் தெரிய ஒன்று என்று எடுங்கள். பின்னால் ஒரு வள்ளம் கிடந்தால் கிடக்கட்டும், கிழிந்த வலையோ முட்கம்பியோ தெரிந்தால் தெரியட்டும். கோணேசர் கோயிலுக்குப் போகிற கோட்டைப் பாதையில் ஒரு செடியை எடுக்கும்போது மான் குறுக்கே வந்தால், அதைத் துரத்திவிட்டா படம் எடுப்பீர்கள்?

பறிப்பது வேண்டாம் என்று மகனுக்குச் சொல்லுங்கள். வீட்டுக்கு வருவதற்குள் பாதி வாடிவிடும் என்பது ஒரு காரணம். எருக்கலையைக் கிள்ளினால் வடியும் பால் கண்ணில் பட்டால் பெரிய உபத்திரவம். கார்த்திகைப் பூச் செடி முழுக்க நஞ்சு, கிழங்கில் அது இன்னும் கூட. (அந்தப் பூவைப் படம் எடுத்தால் நம்மூரில் வேறு கதைகளும் கிளம்பும், அதை இங்கே விடுவோம்.)

கமரா இப்போது வேண்டாம். ஒரு மாரி முடியட்டும். மழை விட்ட கையோடு தை, மாசியில் வெறுந்தரையெல்லாம் விஷ்ணுகிரந்தியும் தும்பையும் முளைக்கும். நகத்தளவு நீலப் பூக்களைப் போனால் பிடிக்க முடியாமல் தவிக்கிறபோது, பூதக்கண்ணாடி மாதிரிப் போனில் கொளுவுகிற சின்ன வில்லை ஒன்று வாங்குங்கள். அதுவும் போதாது என்று பட்டால் அப்புறம் எழுதுங்கள், கமராவைப் பற்றிக் கதைப்போம்.

பிறகு, படை முகாம் வேலியோரம் எவ்வளவு நல்ல பூ நின்றாலும் போனை எடுக்காதீர்கள். நீங்கள் எருக்கலையைத்தான் எடுத்தீர்கள் என்று காவலில் நிற்கிற பொடியனுக்கு விளங்கப்படுத்தவே பின்னேரம் முடிந்துவிடும்.