கேள்வி-பதில்: சென்னைல ஒரு யுனிவர்சிட்டில இருந்து இன்னொண்ணுக்குத் தாவலாமா?

கேள்வி: ஓஎம்ஆர்ல ஒரு டீம்ட் யுனிவர்சிட்டில சிஎஸ்இ ஃபர்ஸ்ட் இயர். ஜிஎஸ்டி ரோட்ல இருக்கிற இன்னொண்ணுல பிளேஸ்மென்ட் நல்லாருக்காம். நேரா செகண்ட் இயர் சேரலாமா?

பதில்: ஊரு ஒண்ணா இருந்தாலும் ரெண்டும் தனித்தனி யுனிவர்சிட்டி தம்பி. அண்ணா யுனிவர்சிட்டிக்குக் கீழ ஒரு காலேஜ்ல இருந்து இன்னொரு காலேஜுக்குப் போனா டிகிரி குடுக்கற இடமாவது ஒண்ணு, இங்க அதுவும் இல்ல, உன் பேப்பர்ல எத ஏத்துக்கறதுன்னு போற இடம்தான் முடிவு பண்ணும். லேட்டரல் என்ட்ரி, அதாவது நேரா செகண்ட் இயர்னு போட்டிருக்கறது பெரும்பாலும் டிப்ளமோ முடிச்சவங்களுக்கு. ஏபிசி அக்கவுன்ட்ல, அதான் பாஸ் பண்ண சப்ஜெக்ட்டோட கிரெடிட்ட சேத்து வெக்கற அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்ல, கிரெடிட் இருக்கேன்னு கேப்ப. 2021ல யுனிவர்சிட்டிகளுக்கு ரூல் போடற யுஜிசி கொண்டு வந்தது, அதுல கிரெடிட் சேந்து நிக்கும், அவ்ளோதான், இந்தப் பையன எடுத்துக்கோன்னு எந்த யுனிவர்சிட்டியையும் அது கட்டாயப்படுத்தாது. அட்மிஷன் ஆபீஸ்ல "சேருங்க, அப்புறம் பாத்துக்கலாம்"னாங்கன்னா எழுந்து வந்துடு. எந்த சப்ஜெக்ட்ட ஏத்துக்கறாங்க, எத திரும்ப எழுதணும், எந்த செமஸ்டர்ல சேப்பாங்க, எல்லாம் சப்ஜெக்ட் கோடோட லெட்டர்ஹெட்ல வரணும். எங்க வீட்டு வாட்டர் ஃபில்டருக்கு அஞ்சு வருஷம் சர்வீஸ் ஃப்ரீன்னு வாயாலதான் சொன்னாங்க, பில்லுல ஒரு வருஷம்னு இருந்துச்சு, ரெண்டாவது வருஷம் ஒருத்தரும் வரல. அப்புறம் பிளேஸ்மென்ட். ஃப்ளெக்ஸ்ல இருக்கற பேக்கேஜ் ஒரே ஒரு பையனோடது, உன் டிபார்ட்மென்ட்டோட மீடியன், அதாவது வரிசைல சரியா நடுவுல நிக்கறவனோட சம்பளம், என்னன்னு கேளு.

கேள்வி: டிசி வாங்கிட்டேன், புது எடத்துல சீட் இன்னும் கன்ஃபார்ம் ஆகல.

பதில்: இன்னிக்கே பழைய எடத்துக்குப் போய் திரும்பச் சேத்துக்கச் சொல்லி எழுதிக் குடு. சீட் கைக்கு வராம டிசி வாங்காதீங்கன்னு எத்தன வாட்டிதான் எழுதறது?

கேள்வி: பொண்ணுக்கு ரெண்டு லட்சம் கட்டினோம். கிளாஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வேற யுனிவர்சிட்டில இடம் கெடச்சுது. பணமும் இல்ல, ஒரிஜினல் மார்க்ஷீட்டும் இல்லங்கறாங்க.

பதில்: அம்மா, தப்பு உங்க மேல துளி கூட இல்ல. யுஜிசியோட 2018 அறிவிப்பு தெளிவா இருக்கு, ஒரிஜினல பாத்துட்டு அப்பவே திருப்பிக் குடுக்கணும், வெச்சிக்கவே கூடாது. பணத்துக்கும் கணக்கு இருக்கு. அட்மிஷன் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்னாடி விலகினா முழுப் பணம், அதுல 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாதான் பிடிக்கலாம். அந்த 15 நாளுக்குள்ளன்னா 90 சதவீதம், தேதி தாண்டி 15 நாள் வரைக்கும் 80, 30 நாள் வரைக்கும் 50, அதுக்கு மேல போனா ஒண்ணும் இல்ல. எழுதிக் குடுத்த 15 நாள்ல பணம் வரணும். சில வருஷம் இதவிட நல்ல சலுகையும் வரும், 2024ல செப்டம்பர் 30 வரைக்கும் முழுப் பணம்னு சொன்னாங்க, அதனால இந்த வருஷத்து சர்க்குலரையும் பாருங்க. எனக்கு வயிறு எரியறது எங்கன்னா, இவ்ளோ ரூல் இருந்தும் கவுன்டர்ல உக்காந்திருக்கறவர் "எங்க பாலிசி சார்"னு ஒரு பேப்பர நீட்டுவாரு, பெத்தவங்களும் பொண்ணோட பிளஸ் டூ மார்க்ஷீட் அவங்க பீரோவுல மாட்டிக்கிச்சேன்னு பயந்து கையெழுத்துப் போட்டுட்டு வருவாங்க. இது பச்சையா மிரட்டல். கன்ஸ்யூமர் கோர்ட் போலாம்னா, 2010லயே மகரிஷி தயானந்த் யுனிவர்சிட்டி கேஸ்ல ஸ்டூடன்ட் கன்ஸ்யூமர் இல்லன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. லட்சக்கணக்குல ஃபீஸ் கட்டறவன் கன்ஸ்யூமர் இல்லன்னா வேற யாரு? நீங்க விலகறத ரிஜிஸ்ட்ராருக்கு மெயில்லயும் ரிஜிஸ்டர் தபால்லயும் இன்னிக்கே அனுப்புங்க, ஏன்னா சதவீதம் அந்தத் தேதிய வெச்சுதான். பதில் வரலன்னா யுஜிசியோட இ-சமாதான்ங்கற புகார் வெப்சைட்ல ரசீதோட கம்ப்ளைன்ட் போடுங்க.

கேள்வி: மாத்தித் தரேன்னு ஏஜென்ட் 60,000 கேஷா வாங்கினாரு. இப்ப போன் எடுக்கல. அப்பா லோடு ஆட்டோ ஓட்டறாரு.

பதில்: படிக்கவே கஷ்டமா இருக்குப்பா. வாட்ஸ்அப் மெசேஜ், கால் லிஸ்ட் எதையும் அழிக்காத, அப்பாவ கூட்டிட்டு ஸ்டேஷன்ல எழுத்துல புகார் குடுத்து சிஎஸ்ஆர் ரசீது, அதான் புகார் வாங்கிட்டோம்னு போலீஸ் தர்ற ரசீது, வாங்கு. ஏஜென்ட் ஒண்ணும் யுனிவர்சிட்டி இல்ல, காசு வாங்கிட்டு சேவை தரேன்னு சொன்ன ஆளு, அதனால நேஷனல் கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915க்கும் போன் பண்ணு.

கேள்வி: எஜுகேஷன் லோன் புது யுனிவர்சிட்டிக்குத் தானா மாறிடும்ல?

பதில்: மாறாது. லோன் அந்த காலேஜ், அந்த கோர்ஸ் பேர்லதான் சாங்ஷன் ஆயிருக்கு, மாறறதுக்கு முன்னாடி மேனேஜரப் பாருங்க.