தாடையோரத் தொய்வுக்கு மூன்றாவது முறையும் ஃபில்லர் போடலாமா?

வேண்டாம். இரண்டு தடவை ஃபில்லர் (தோலுக்கு அடியில் ஊசியால் ஏற்றும் ஜெல்) போட்டும் தாடையோரத் தொய்வு குறையவில்லை என்கிறீர்கள், மூன்றாவதிலும் பெரும்பாலும் குறையாது. முகம் உப்பலாகத் தெரியலாம், அவ்வளவுதான்.

காரணம் பெரும்பாலும் இதுதான்: ஃபில்லர் பள்ளத்தை நிரப்பும், தளர்ந்த தோலை இழுத்துக் கட்டாது. தலையணையில் பஞ்சு திணிக்கலாம். உறையே தொளதொளவென்று ஆகிவிட்டால் அதை வெட்டித்தான் தைக்க வேண்டும். அது ஃபேஸ்லிஃப்ட் அறுவை சிகிச்சையின் வேலை.

வீட்டிலேயே பாருங்கள். கண்ணாடி முன் நிமிர்ந்து உட்கார்ந்து, காதுக்கு முன்னால் உள்ள தோலை விரலால் லேசாகப் பின்னுக்கு இழுங்கள். தாடைக்கோடு தெளிந்தால் தளர்ச்சிதான் பிரச்சினை. கன்னம் குழிந்தே இருந்தால் ஃபில்லருக்கு இன்னும் வேலை இருக்கலாம். இது வெறும் குறிப்புதான், மருத்துவர் நேரில் பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும்.

அப்புறம் ஒன்று. பரவலாகப் போடப்படும் வகையான ஹயலூரானிக் அமில ஃபில்லரின் பலன் பொதுவாக 6 முதல் 18 மாதம் வரை நிற்கும். பிடிக்காவிட்டால் ஹயலூரானிடேஸ் ஊசி போட்டுக் கரைக்கலாம். அறுவை சிகிச்சையில் அந்த வசதி கிடையாது. மயக்க மருந்து, தழும்பு, வாரக்கணக்கில் வீக்கம் எல்லாம் உண்டு. போவதாக இருந்தால், எந்த ஃபில்லர், எப்போது, எந்த இடத்தில் போட்டீர்கள் என்று அறுவை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.