பீமனின் குழப்படிக்கு வட்டி 26 வீதம்

கேள்வி: வணக்கம் ஐயா. வெள்ளவத்தையில், மரைன் டிரைவ் பக்கமாக ஒரு தொடர்மாடியில் இரண்டாம் மாடியில் இருக்கிறோம். நான் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறேன். கணவருக்கும் எனக்குமாக மாதம் 290,000 ரூபா கைக்கு வரும். வாடகை, மகளின் ஸ்கூல், வீட்டுச் செலவு எல்லாம் போக 65,000 அளவில் மிஞ்சும்.

ஐந்து மாதத்துக்கு முன் ஜேர்மன் ஷெப்பர்ட் குட்டி ஒன்று வாங்கினோம். பெயர் பீமன். இப்போது ஏழு மாதம், 26 கிலோ. சரியான கெட்டிக்காரன், அதே அளவுக்குக் குழப்படி. ஃப்ரிட்ஜ் கைபிடியில் தொங்கும் துவாயை இழுத்தால் கதவு திறக்கும் என்று தானாகவே கண்டுபிடித்து, ஒரு நாள் அரைக் கிலோ பட்டரை முடித்துவிட்டான். செற்றியின் ஒரு கையையே காணவில்லை. ஆனால் வெளியே இறங்கினால் ஆளே வேறு. ரயில் சத்தம், விரித்த குடை, லிஃப்ட் கதவு எல்லாவற்றுக்கும் பயம். ரோட்டிலேயே படுத்துவிடுவான், அசைக்க முடியாது. முன்னைக்கு இப்போது கொஞ்சம் தேறி வருகிறான்.

கடனட்டையில் 412,000 நிற்கிறது. வட்டி 26 வீதம். ஆகக்குறைந்த தொகையை ஒரு மாதமும் தவறாமல் கட்டுகிறேன். மிஞ்சுவதை மகளின் படிப்புக்கென்று சின்னச் சின்ன நிலையான வைப்புகளாகப் போட்டு, அது 600,000 ஆகியிருக்கிறது. வட்டி 8 வீதம். அதில் கை வைக்க மனமில்லை. பயிற்சியாளர் ஒருவர் பீமனை ஆறு கிழமை தன் இடத்தில் வைத்துப் பழக்க 90,000 கேட்கிறார். கணவர் நாய் ஓடும் ட்ரெட்மில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறார், 185,000. கணவரின் அண்ணா, ஒரு பெட்டைக் குட்டியும் பாதிக்குப் பாதி போட்டு வாங்குவோம், குட்டி விற்றே இரண்டு வருடத்தில் காசை எடுத்துவிடலாம் என்கிறார். வங்கியிலிருந்து போன் எடுத்து, முழுக் கடனையும் 36 மாதத் தவணைக்கு மாற்றித் தருவதாகச் சொல்கிறார்கள். பீமனுக்குக் காப்புறுதி எடுக்கச் சொல்லி இன்னொருவர். எதைச் செய்ய ஐயா? இரவில் நித்திரையே இல்லை. (வாசகி, கொழும்பு 6)

பதில்: கணக்குப் பகுதியில் இருப்பவரிடம் வரவு செலவை எழுதிப் பாருங்கள் என்று சொன்னால் அது அவமரியாதை. நீங்கள் அனுப்பிய ஐந்து மாதக் கடனட்டைக் கூற்றுகளை நிறம் பிரித்து, பக்கத்தில் குறிப்பும் போட்டிருக்கிறீர்கள். அந்தக் குறிப்புகளே எனக்குப் போதும். ‘செற்றி கடித்தான்’, இரண்டு நாளில் புதுச் செற்றி. ‘ரயிலுக்கு வெருண்டு ஓடப் பார்த்தான்’, மறுநாள் ஜிபிஎஸ் கழுத்துப்பட்டி. ‘தனியே விட்டால் குரைக்கிறான்’, அன்று பின்னேரமே கமரா. நாய் ஒன்று செய்கிறது, நீங்கள் ஒரு சாமான் வாங்குகிறீர்கள். ஐந்து மாதமாக இந்த வீட்டில் நடப்பது இதுதான்.

சாப்பாட்டுச் செலவை நீங்கள் கட்டிய காசோடு கழித்துவிட்டு, கார்டில் நிற்கும் 412,000ஐத் தோராயமாகப் பிரித்தேன். குட்டியின் விலை 120,000. செற்றி 96,000. கழுத்துப்பட்டியும் கமராவும் 61,000. நாய்க் கட்டில் இரண்டு 43,000 (முதலாவதை மூன்றாம் நாளே பஞ்சாக்கிவிட்டான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பிறகு எதற்கு இரண்டாவது?). தடுப்பூசிக்கும் உண்ணிக் காய்ச்சலுக்கும் மிருக வைத்தியருக்குப் போனது 48,000. மிச்சம் 44,000 வட்டி, கட்டணம், சில்லறை. குட்டி வாங்கிய காசை விட்டுப் பார்த்தால், உண்மையில் நாய்க்குத் தேவைப்பட்டது அந்த 48,000 மட்டும்தான். செற்றி நாய்க்கு வாங்கியதே இல்லை. பல் விழுந்து முளைக்கிற வயதில் ஒரு பெரிய நாய் இருக்கிற வீட்டுக்கு 96,000 ரூபாவுக்குப் புதுச் செற்றி எடுத்தது யாருடைய யோசனை என்று நான் கேட்கப் போவதில்லை. ஒன்றரை வயது மட்டும் பழைய செற்றியும் அதன்மேல் ஒரு தடித்த பெட்ஷீட்டும் காணும்.

இனி, தவறாமல் கட்டுகிறேன் என்று நீங்கள் பெருமையாக எழுதிய அந்த ஆகக்குறைந்த தொகை. 412,000 இல் 5 வீதம் 20,600. அதில் ஏறக்குறைய 8,900 வட்டிக்கே போகிறது. அசல் கடனில் குறைவது 11,700. அதே மாதம் சாப்பாட்டு மூட்டைக்கும் கல்சியம் சிரப்புக்குமாக 35,000 மறுபடி கார்டில் ஏறுகிறது. ஆக, கட்டக் கட்டக் கடன் மாதம் 23,000 அளவில் வளர்கிறது. இப்படியே ஒரு வருடம் போனால் ஆறரை இலட்சத்தைத் தொடும், புதிதாக ஒரு பொம்மை வாங்காமலே. இன்னொன்று. கூற்றில் உள்ள முழுத் தொகையையும் கட்டுகிறவருக்குத்தான் வட்டியில்லாத நாட்கள் கிடைக்கும். பாக்கி வைத்திருப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. பீமனின் சாப்பாட்டு மூட்டைக்கு, நீங்கள் அதை மாடிக்குத் தூக்கி வந்து பிரிக்கும் முன்பே வட்டி ஓடத் தொடங்கிவிடுகிறது.

இந்த நேரத்தில் மகளின் பெயரில் மாதாமாதம் வைப்புப் போடுகிறீர்கள். ஒரு கையால் வங்கிக்கு 8 வீதத்துக்குக் கடன் கொடுத்து, மற்றக் கையால் 26 வீதத்துக்கு வாங்குகிறீர்கள். 412,000 ரூபா வைப்பில் இருந்தால் வருடத்துக்கு 33,000 அளவில் வட்டி தரும். அதில் 10 வீதம் வரி பிடித்தால் கைக்கு 29,700. அதே 412,000 கார்டில் நின்றால் வருடத்துக்கு 107,000 தின்னும். வித்தியாசம் 77,000. பீமனின் இரண்டரை மாதச் சாப்பாடு. மகளின் படிப்புக் காசைத் தொடவில்லை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது தினமும் கரைந்துகொண்டிருக்கிறது, வேறு கணக்கில் கரைவதால் கண்ணில் படவில்லை.

ஆகவே வைப்பை உடையுங்கள். சின்னச் சின்னதாகப் போட்டது இங்கே உங்களுக்கு உதவும். முதிர்வுக்கு முன் எடுத்தால் வங்கி வட்டியைக் குறைத்துத்தான் தரும். எனவே அண்மையில் போட்டவற்றை முதலில் எடுங்கள், அவற்றில் இழக்க அதிகம் இல்லை. முதிர்வு கிட்டியதைக் கடைசிக்கு விடுங்கள். கார்டைச் சுத்தமாக அடைத்த பிறகு 188,000 மிஞ்சும். அதில் 100,000 பீமனின் அவசரத்துக்கு, உடனே எடுக்கக்கூடிய சேமிப்புக் கணக்கில். மற்றது மகளுக்கு.

அடைத்த அன்றே, அதே வங்கியில், கார்டின் எல்லையை 100,000 ஆகக் குறைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். இதைச் செய்யாமல் வைப்பை மட்டும் உடைப்பதென்றால் உடைக்கவே வேண்டாம். பழக்கம் அப்படியே இருந்து, கார்டும் காலியானால், ஆறு மாதத்தில் வைப்பும் இருக்காது, கடனும் பழையபடி நிற்கும். 36 மாதத் தவணைக்கு மாற்றித் தருகிறோம் என்று போனில் சொல்கிறவர்களைப் பற்றியும் எனக்கு இதே பயம்தான். வட்டி குறைவாகத் தெரியும், மாதத் தொகை சின்னதாகத் தெரியும். ஆனால் நீங்கள் மாதாமாதம் கட்டக் கட்ட எல்லை மறுபடி திறந்துகொண்டே போகும். உங்கள் கையில் ரொக்கம் இருக்கும்போது அந்தத் தவணை உங்களுக்கு எதற்கு?

மாதக் கணக்கு இனி இப்படி வரும். 15 கிலோ மூட்டை 38,000 என்கிறீர்கள். நாளைக்கு 400 கிராம் என்றால் மாதம் 12 கிலோ, 30,400. உண்ணி மருந்து, பூச்சி மருந்து, வைத்தியர் எல்லாம் சராசரியாக 8,000. கடிக்க, விளையாட 3,000 அளவில். மொத்தம் 42,000க்குள். உங்கள் வருமானத்தில் ஏழில் ஒரு பங்கு. பெரிய நாய் வளர்ப்பதன் விலை அது, அதைக் குறைத்துச் சொல்லி உங்களைச் சந்தோஷப்படுத்த நான் தயாரில்லை. சம்பளம் வந்த அன்றே அதை ஒரு தனிக் கணக்குக்கு மாற்றி, அதன் டெபிட் கார்டால் மட்டும் நாய்ச் செலவைச் செய்யுங்கள். 65,000 இல் மிஞ்சுவது 23,000. இதுவரை கார்டுக்குக் கட்டிய அதே 20,600ஐ மகளின் வைப்புக்குத் திருப்பிக் கட்டுங்கள். இருபது மாதத்தில் 412,000 திரும்ப வந்துவிடும்.

சாப்பாட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். பெரிய இனக் குட்டிகளுக்கென்று செய்த உணவில் கல்சியமும் சக்தியும் அளந்து போட்டிருக்கும். எலும்பு மெதுவாக, ஒழுங்காக வளர வேண்டும் என்பதற்காகத்தான் அது. அதற்கு மேல் பக்கத்து வீட்டார் சொன்னார்கள் என்று மாதம் 4,500க்குச் சிரப் ஊற்றுவது காசை வீணாக்குவது மட்டுமில்லை, கல்சியம் கூடினால் இப்படிப்பட்ட குட்டிகளின் எலும்பு வளர்ச்சியே பிசகும். அடுத்த முறை போகும்போது வைத்தியரிடம் போத்தலைக் காட்டிக் கேளுங்கள். விசர்நோய்த் தடுப்பூசியை வருடாவருடம் அரசாங்கத் திட்டத்தில் இலவசமாகவே போடலாம்.

ட்ரெட்மில் வேண்டாம். பெரிய இனங்களின் எலும்பு முனைகள் மூடுவதற்கு 12 முதல் 18 மாதம் வரை செல்லும். அதற்கு முன் கட்டாயப்படுத்தி ஓட வைப்பது மூட்டுக்குக் கேடு. கணவருக்கு ஓட வேண்டுமென்றால் மரைன் டிரைவ் வாசலிலேயே இருக்கிறது.

90,000 ரூபாப் பயிற்சியைப் பற்றிச் சொல்ல என்னிடம் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது. பீமனுடைய பிரச்சினை கீழ்ப்படியாமை இல்லை, பயம். ஆறு மாதத்திலிருந்து பதினான்கு மாதத்துக்குள் குட்டிகளுக்கு இரண்டாவது முறையாக ஒரு பயக் காலம் வருவதுண்டு, நேற்றுவரை கண்டுகொள்ளாத குடைக்கே திடீரென்று வெருளும். அவன் பயப்படும் ரயில் உங்கள் ஒழுங்கையின் முடிவில் ஓடுகிறது, பயிற்சியாளரின் முற்றத்தில் ஓடவில்லை. அங்கே கற்றுக்கொண்டு வந்தாலும் இங்கே மறுபடி தொடங்க வேண்டும். உதவி வேண்டுமானால் வீட்டுக்கு வந்து, மணிக்கணக்கில் காசு வாங்கி, உங்களையும் சேர்த்துப் பழக்குகிறவராகப் பாருங்கள். நாலைந்து தடவை போதும். ஷாக் கொலர் பாவிப்பாரா என்று முதலே கேளுங்கள். ஆம் என்றால் கதவைச் சாத்துங்கள். பயந்த நாய்க்கு வலியும் கொடுத்தால் அது கடிக்கப் பழகும், பிறகு வைத்தியச் செலவு நாய்க்கு இருக்காது.

மிச்சத்தை 250 கிராம் அவித்த கோழியோடு நீங்களே செய்யலாம். ரயில் பாதைக்குப் பக்கத்தில் போகாதீர்கள். ஒழுங்கையில், சத்தம் கேட்கும் ஆனால் அவன் படுத்துவிடாத தூரத்தில் நில்லுங்கள். ரயில் வரும் சத்தம் கேட்டதும் கோழித் துண்டுகள் ஒவ்வொன்றாக, போய் முடிந்ததும் நிறுத்தம். நாலைந்து நாளில் சத்தம் கேட்டவுடன் உங்கள் கையைப் பார்ப்பான். அதன் பிறகுதான் பத்தடி முன்னே. இழுத்துக்கொண்டு போவதில்லை, அவசரப்படுவதில்லை. குடையை ஹோலில் விரித்துப் போட்டு, சுற்றிவர அவனுடைய சாப்பாட்டைத் தூவிவிட்டு நீங்கள் டிவி பாருங்கள். குழப்படிக்கு மருந்து, மூளைக்கு வேலை கொடுப்பது. வெறும் முட்டை அட்டையின் குழிகளில் சாப்பாட்டைப் போட்டு இன்னொரு அட்டையால் மூடி, பழைய காட்போட் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தால் அரை மணித்தியாலம் போகும். அட்டையைக் கிழித்தெறிவான், கிழிக்கட்டும். விழுங்குகிறானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜ் துவாயை இன்றைக்கே கழற்றுங்கள்.

காப்புறுதி கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் முன்பே இருந்த நோய்க்கும் பரம்பரைக் கோளாறுக்கும் இழப்பீடு உண்டா, காத்திருப்புக் காலம் எவ்வளவு, ஒரு வருடத்துக்கு உச்ச எல்லை என்ன என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஷெப்பர்ட் நாய்களுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வரக்கூடியது, அதை விலக்கிய காப்புறுதியால் உங்களுக்கு என்ன லாபம்? நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு வயிறு ஊதி முறுக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. அப்போது சத்திரசிகிச்சைக்கு இருப்பது சில மணித்தியாலங்கள்தான். ஒதுக்கச் சொன்ன 100,000 அதற்கு. கமராவையும் கழுத்துப்பட்டியையும் விற்றால் வருவதையும் அதிலேயே போடுங்கள்.

பெட்டைக் குட்டி யோசனைக்கு அதிக நேரம் தேவையில்லை. இடுப்பு மூட்டு நல்லதா என்று எக்ஸ்ரே எடுத்து உறுதியாகச் சொல்லவே நாய்க்கு இரண்டு வயதாக வேண்டும். ஆகவே இரண்டு வருடத்தில் காசு என்ற கணக்கு தொடக்கத்திலேயே பிழை. பாதிக்குப் பாதி என்பதையும் பாருங்கள். அண்ணாவின் பாதி காசு மட்டும். உங்கள் பாதி காசு, வீடு, நித்திரை, இரண்டாவது சாப்பாட்டு மூட்டை. இதை அண்ணாவிடம் நீங்கள் கதைக்க வேண்டாம், கணவர் கதைக்கட்டும். ஏன் என்று கேட்டால் கார்டின் எல்லையை வங்கி ஒரு இலட்சமாகக் குறைத்துவிட்டது என்று சொல்லச் சொல்லுங்கள். அதற்குள் அது உண்மையாகியிருக்கும்.