அட்மிட் ஆகாமல் குடியை விட முடியுமா?

கேள்வி: என் கணவர் கோத்தகிரி அருகே தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். குளிருக்கு என்று ஆரம்பித்த குடி, இப்போது தினமும் ஆகிவிட்டது. இரண்டு முறை விட்டுவிட்டு மறுபடி தொடங்கிவிட்டார். மருத்துவமனையில் தங்கினால் சம்பளம் போய்விடும் என்கிறார். வீட்டிலிருந்தபடியே கவுன்சலிங் மூலம் குணமாகுமா?

பதில்: பலருக்கு முடிகிறது, சகோதரி. ஆனால் முதல் சில நாட்களை மருத்துவர் துணையின்றிக் கடக்க முயலாதீர்கள். தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் 2 நாட்களில் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாட்களுக்குள் பிதற்றலும் இல்லாத உருவங்களைக் காண்பதும் நேரலாம். இது உயிருக்கே ஆபத்து. முன்பு நிறுத்தியபோது வலிப்போ பிதற்றலோ வந்திருந்தால் அவர் மருத்துவமனையில் தங்கியே ஆக வேண்டும். அப்போது சம்பளத்தைப் பார்க்காதீர்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், மருத்துவர் பரிசோதித்துத் தரும் மாத்திரைகளோடு வீட்டிலிருந்தே சமாளிக்க வாய்ப்புண்டு.

நீங்கள் கேட்ட கவுன்சலிங், அதாவது நடத்தை சிகிச்சை, அதன்பிறகு தொடங்கும். பெரும்பாலும் வாரம் ஒரு சந்திப்பு, சுமார் 12 வாரம். யாரும் அவருக்குப் புத்தி சொல்ல மாட்டார்கள். கடைசியாகக் குடித்த நாளை எடுத்துக்கொண்டு, எத்தனை மணி, யார் கூட இருந்தார்கள், கையில் எவ்வளவு பணம், சாப்பிட்டிருந்தாரா, யாரோடு சண்டை என்று ஆலோசகர் துருவிக் கேட்பார். குடிக்கு முந்தைய அந்த ஒரு மணி நேரத்தை மாற்றுவதுதான் சிகிச்சையின் உயிர். ஷிப்ட் முடிந்ததும் கடை இல்லாத வழியில் வருவது, சம்பளத்தை உங்கள் கணக்கில் போடுவது, பசியோடு இருக்காமல் சாப்பிட்டுவிடுவது எல்லாம் அதில் வரும். நண்பர் அழைத்தால் மறுக்கும் வாக்கியத்தை உரக்கச் சொல்லிப் பழக வைப்பார்கள். குடிக்கும் வேட்கை பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானாகவே தணியும். அந்த நேரத்தைக் கடத்துவதற்கும் பயிற்சி உண்டு.

குளிர் விஷயத்தையும் அவரிடம் சொல்லுங்கள். மது தோலின் இரத்தக் குழாய்களை விரிப்பதால் சூடாக இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் உடல் வெப்பத்தை இழந்துகொண்டிருக்கும்.

எந்த வகை கவுன்சலிங் சிறந்தது என்று கோவை வரை அலைய வேண்டாம். 1997இல் வெளியான அமெரிக்காவின் ப்ராஜெக்ட் மேட்ச் ஆய்வு, 1,700க்கும் மேற்பட்டவர்களிடம் மூன்று வகை உளவியல் சிகிச்சைகளை ஒப்பிட்டது. பலன்களில் பெரிய வேறுபாடு இல்லை. அவர் விடாமல் போகக்கூடிய இடமே நல்ல இடம். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைக் கேளுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

இன்னொன்றைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். குடியை நிறுத்தும் மாத்திரை என்று யாராவது கொடுத்தால், அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்துவிடாதீர்கள். குடியை நிறுத்தத் தரப்படும் டைசல்பிரம் என்ற மருந்து உடலுக்குள் இருக்கும்போது மது குடித்தால் இரத்த அழுத்தம் அபாயகரமாகச் சரியலாம்.

இடையில் ஒருநாள் அவர் குடித்துவிட்டாலும் அடுத்த சந்திப்பை ரத்து செய்ய விடாதீர்கள். முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். அன்று என்ன நடந்தது என்பதிலிருந்துதான் ஆலோசகர் மேற்கொண்டு திட்டமிடுவார்.