வேப்பமரத்தடியில் மூன்று கல் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் திருப்பூரில் இருக்கிறோம். சொந்த ஊர் காங்கேயம் பக்கம். நானும் வீட்டுக்காரரும் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறோம். ஒரே பையன். எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. கைக்குழந்தையாக இருந்தபோதிருந்தே அவனுக்கு எதிலும் நடுவாந்திரம் கிடையாது. சிரித்தால் வயிறு வலிக்கச் சிரிப்பான். கோபம் வந்தால் தரையில் விழுந்து புரளுவான். டிவியில் யாராவது அழுதால் எழுந்து வெளியே போய்விடுவான். "ஆம்பளப் பையன் இப்படி அழுவானா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை.

மாசியில் குலதெய்வம் கோயிலில் கிடாய் வெட்டு. என் மாமியார் ஒரு வருடம் வளர்த்த கிடாய் அது. லீவுக்குப் போகும்போதெல்லாம் இவன்தான் வேலங்காய் பொறுக்கிப் போடுவான். சின்னான் என்று பேர்கூட வைத்திருந்தான். வெட்டும்போது முன்னாலேயே நின்றுவிட்டான். நாங்கள் கவனிக்கவில்லை. "சாமி கெட்டது" என்று கத்திக்கொண்டு கோயில் மேல் கல்லை எறிந்தான். சாமி குத்தம் என்றார்கள். பூசாரி திருநீறு மந்திரித்துப் பூசினார். மாமியாரும் வயிறு சரியில்லை என்று பந்தியில் உட்காரவில்லை, எல்லோரும் பாதியிலேயே வீடு திரும்பினோம். பையனுக்கு மூன்று நாள் காய்ச்சல்.

இப்போது நான்கு மாதம் ஆகிறது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு வேப்பமரம். அதனடியில் மூன்று கல் வைத்திருக்கிறான். தினமும் காலையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுகிறான். செத்துக்கிடந்த அணில் ஒன்றை அங்கேதான் புதைத்தான். அழுகை வந்தால் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறான், கொஞ்ச நேரத்தில் அடங்குகிறது. "இது என் சாமி, இது யாரையும் வெட்டாது" என்கிறான்.

அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா, பூமியை வணங்கும் ஆன்மிகம் என்று அங்கே சில குடும்பங்கள் பின்பற்றுவதாகச் சொன்னாள். வீட்டில் ஒரு மூலையில் மண், நீர், நெருப்பு, காற்று நான்குக்கும் அடையாளம் வைப்பார்களாம். வருடத்துக்கு எட்டுப் பண்டிகையாம். இவன் மாதிரிப் பிள்ளைகளுக்கு மனசு அமைதியாகும் என்கிறாள். நான் அதைப் பழக்கலாமா? பழக்கினால் குலதெய்வத்தை விட்டே விலகிவிடுவானோ என்று பயமாகவும் இருக்கிறது.

(பெயர் வேண்டாம்)
திருப்பூர்

அன்புள்ள தங்கைக்கு,

குலதெய்வத்தை விட்டு விலகுவானோ என்று கேட்டிருக்கிறீர்கள். நம் பக்கத்துக் கிணற்று மேட்டிலும் வாய்க்கால் கரையிலும் கன்னிமார் எப்படி இருக்கிறார்கள்? ஏழு கல். மேலே கூரை இல்லை, சுற்றிலும் சுவர் இல்லை. ஒரு வேம்போ ஆலோ நிழல் தருகிறது. போகிற வருகிறவர் மஞ்சள் பூசுகிறார், தண்ணீர் ஊற்றுகிறார். கோபுரமும் கான்கிரீட் மண்டபமும் பின்னால் வந்தவை. யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே உங்கள் பையன் அந்தப் பழைய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறான். விலகிப் போனவன் செய்கிற காரியமா இது?

கிடாயைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் மற்றது. அவன் செய்தது தப்பில்லை. பேர் வைத்து, காய் பொறுக்கிப் போட்டு வளர்த்த உயிர் கண்முன்னே துண்டானால் எட்டு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? உங்கள் குடும்பத்து வழக்கத்தை நான் பழிக்கவில்லை. கொறங்காடு என்கிற மேய்ச்சல் காட்டை நம்பிப் பிழைத்த மண் அது. கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்த்து, ஆட்டோடும் மாட்டோடும் ஒன்றாய் வாழ்ந்தவர்கள் தங்களிடம் இருந்ததில் ஆக உசத்தியானதைச் சாமிக்குக் கொடுத்தார்கள். ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். கருப்பராயனுக்குக் கிடாய் விழும்போது பக்கத்தில் இருக்கும் அம்மனுக்கும் கன்னிமாருக்கும் திரை போடுகிற வழக்கம் எத்தனை கோயில்களில் இருக்கிறது! சாமியே பார்க்க வேண்டாம் என்று திரை போடுகிறோம். பிள்ளைக்கு ஒரு திரை போட யாருக்கும் தோன்றவில்லையே. அடுத்த வருடம் பொங்கல் வைக்கும் நேரத்துக்கு அவனைக் கூட்டிப்போங்கள், வெட்டுக்கு முன்னால் கிளப்பிவிடுங்கள். யாராவது கேட்டால் இந்தத் திரையைச் சொல்லுங்கள்.

இப்படிப்பட்ட சுபாவம் வளர்ப்புக் கோளாறால் வருவதில்லை. 1956இல் நியூயார்க்கில் அலெக்ஸாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதி, குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து பல வருடங்கள் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கினார்கள். பிறவிச் சுபாவத்தில் ஒன்பது கூறுகளைப் பிரித்தார்கள். அதில் ஒன்று, எதற்கும் எவ்வளவு தீவிரமாய் எதிர்வினை காட்டுகிறது என்பது. சில குழந்தைகளுக்கு அது பிறப்பிலேயே அதிகம். அது தன்னளவில் கெடுதல் இல்லை, பிள்ளையின் சுபாவமும் சுற்றியிருப்பவர்களின் எதிர்பார்ப்பும் பொருந்தாமல் போவதில்தான் சிக்கல் என்றார்கள். 'ஆம்பளப் பையன் அழுவானா' என்று கேட்கிற வீடு எந்தப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நானும் அப்படிப்பட்ட பிள்ளைதான். தட்டை எறிவேன், கதவில் தலையை மோதுவேன். எனக்கு ஏழு வயதில் எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பி வந்தது. உங்களுக்கும் தெரிந்திருக்கும்: முக்கவராய்ப் பிரிந்த மரத்தை வெட்டி வந்து கோயில் முன்னால் கம்பம் நடுவார்கள். அதுதான் அம்மனுக்குப் புருசன். ராத்திரி அதன் தலையில் பூவோடு என்கிற தீச்சட்டியை ஏற்றி வைப்பார்கள். சட்டி நிறையத் தணல். அதைச் சுற்றி விடிய விடிய ஆட்டம். விடிந்ததும் பெண்கள் குடத்தில் மஞ்சள் தண்ணியும் வேப்பிலையுமாக வந்து கம்பத்துக்கு ஊற்றுவார்கள். அந்த வருடம் எங்கள் ஆத்தா என் கையில் ஒரு சின்னச் சொம்பைக் கொடுத்தார். தினமும் இருட்டோடு எழுப்பிக் கூட்டிப்போனார். "எதுக்கு ஆத்தா ஊத்தறோம்?" என்றேன்.

"ராத்திரி பூரா நெருப்பச் சுமந்துதுல்ல சாமி. குளுந்து போவட்டும்."

அவ்வளவுதான். கம்பம் ஏன் நெருப்பைச் சுமக்கிறது, சுமக்காமல் இருந்தால் என்ன என்றெல்லாம் யாரும் கம்பத்தைக் கேட்கவில்லை. அது சுமக்கும், நாங்கள் ஊற்றுவோம். பதினைந்து நாளும் ஊற்றினேன். கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விட்ட அன்று ஊரே பார்க்க அழுதேன். ஆத்தா என்னை அடக்கவில்லை, முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு அப்படியே நின்றார். அடுத்த வாரமே இன்னொரு தட்டை உடைத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்குப் பிறகு, கோபம் பொங்கி முடிந்ததும் எழுந்து போய் வாசல் செம்பருத்திக்கு ஒரு சொம்பு ஊற்றுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. உங்கள் பையன் ஊற்றுகிற சொம்பைப் பற்றிப் படித்தபோது கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆகவே அவனுக்குப் புதிதாக எதையும் பழக்க வேண்டாம். இருப்பதைக் காப்பாற்றுங்கள். உங்கள் அக்கா அன்போடுதான் சொல்கிறார். ஆனால் அந்த எட்டுப் பண்டிகை வரிசை 20ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரிட்டனில் தொகுத்தது. பனிக்காலத்தில் சூரியன் திரும்பி வருமா என்று ஏங்குகிற ஊரின் கணக்கு. நம் ஊரில் சூரியனுக்காக யார் ஏங்குகிறார்கள்? மேற்கு மலையின் மழை மறைவில் கிடக்கிற கொங்குக்குக் காற்றும் தண்ணியும்தான் வருடத்தைச் சொல்லும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் அடிக்கிற காற்று, ஐப்பசி மழை, மார்கழிப் பனி. இவற்றுக்கு நம்மிடம் நோம்பிகள் இருக்கின்றன. கையால் செய்கிறவையாக இருப்பதால்தான் இந்தப் பிள்ளைகளுக்கு அவை பொருந்துகின்றன.

போகி அன்று காப்புக் கட்டுவதை அவனிடம் விட்டுவிடுங்கள். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் ஒரு கொத்தாகக் கட்டி வாசல் நிலையிலும் அவனுடைய வேப்பமரத்திலும் செருகட்டும். மாட்டுப் பொங்கலுக்கு எப்படியாவது லீவு வாங்கி ஊருக்குப் போங்கள். பட்டியில் சாணியாலும் மண்ணாலும் தெப்பக்குளம் கட்டுவார்களே, அதை அவன் கையால் கட்டட்டும், கன்றுக்குட்டி அதை மிதித்துக்கொண்டு ஓடட்டும். கட்டியது கலைவதைச் சிரிப்போடு பார்க்க அதைவிட நல்ல இடம் நான் அறியேன். மறுநாள் பூப்பறிக்கப் போகிற பொம்பளைப் பிள்ளைகளோடு அவனும் போனால் என்ன? ஆடி நோம்பிக்குத் தூரி (ஊஞ்சல்) கட்டுங்கள். மரத்தில் கட்டத் தோதில்லையென்றால் வீட்டுக் கொக்கியில் சேலையைக் கட்டுங்கள். முன்னும் பின்னும் ஒரே சீராக ஆடுவது உடம்பை அடக்கும், உடம்பு அடங்கினால் மனசு பின்னாலேயே வரும். தூளியில் போட்டு ஆட்டிய எந்தத் தாய்க்கும் இது தெரியும்.

நொய்யலைப் பற்றி அவன் ஒருநாள் கேட்பான். நதி சாமி என்றால் அது ஏன் இப்படி நாறுகிறது என்பான். மழுப்பாதீர்கள். சாயக்கழிவு என்று சொல்லுங்கள். 1992இல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கியதையும், 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும், நம் வீட்டுச் சோறும் அந்தப் பனியனிலிருந்துதான் வருகிறது என்பதையும் அவன் வயதுக்குத் தக்கபடி சொல்லுங்கள். இந்தப் பிள்ளைகளுக்குப் பெரியவர் குரலில் பொய் இருந்தால் உடனே தெரிந்துவிடும், பிறகு நம்ப மாட்டார்கள். சொன்ன கையோடு நஞ்சராயன் குளத்துக்குக் கூட்டிப்போய்ப் பறவைகளைக் காட்டுங்கள். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2024இல் சேர்ந்த குளம், உங்கள் ஊரிலேயே இருக்கிறது. வீட்டு மொட்டைமாடியில் ஒரு மண்சட்டித் தண்ணீர் வைக்கிற வேலையையும் அவனுக்கே கொடுங்கள். துக்கத்துக்குக் கையில் ஒரு வேலை வேண்டும்.

சிலவற்றைச் செய்யவே கூடாது. "சாமி கண்ணைக் குத்தும்" என்ற பேச்சு அந்த மூன்று கல்லுக்குப் பக்கத்தில் வரக்கூடாது. "அழுதா மரம் கோவிச்சுக்கும்" என்பதும் அதே பேச்சுதான். அழுகையை வாங்கிக்கொள்கிற ஒரே இடத்தை மிரட்டுகிற இடமாக மாற்றிவிடாதீர்கள். கல்லைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள், அது அவனுடையது. கோபத்தின் உச்சியில் இருக்கும்போது "போ, உன் மரத்துக்கிட்டப் போ" என்று அனுப்பாதீர்கள். துரத்துவது போல் ஆகிவிடும். அப்போது அவனுக்கு வேண்டியது நீங்கள். பக்கத்தில் உட்காருங்கள், பேசாதீர்கள், உங்கள் மூச்சு நிதானமாக இருக்கட்டும். கம்பெனியில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து இதையும் செய்வது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். முடியாத நாளில் முடியவில்லை என்று அவனிடமே சொல்லலாம்.

பூசாரி கையால் திருநீறு பூசுவதில் குற்றமில்லை. மெல்லத் தொடுகிற கை எதுவும் நல்லதுதான். ஆனால் வேப்பிலையால் அடிப்பது, மிளகாய்ப் புகை போடுவது, பிடித்துக்கட்டுவது என்று யாராவது ஆரம்பித்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். உறவு முறிந்தாலும் பரவாயில்லை.

மரமும் கல்லும் மருத்துவருக்குப் பதில் ஆகாது. தன்னையே அடித்துக்கொண்டு காயப்படுத்தினால், சாகணும் என்ற வார்த்தை வாயில் வந்தால், தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டால், பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அடம்பிடித்தால் காத்திருக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். வெட்டை நேரில் பார்த்த பிள்ளை என்பதால் அந்தக் காட்சி திரும்பத் திரும்பக் கனவில் வருகிறதா என்று மட்டும் கவனியுங்கள். வந்தால் ஒரு முறை காட்டிவிடுவது நல்லது.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. எழுதும்போது நீங்கள் அதைப் பெரிதாக நினைத்திருக்க மாட்டீர்கள். மாமியார் வயிறு சரியில்லை என்று பந்தியில் உட்காரவில்லை என்றீர்கள். ஒரு வருடம் தழை ஒடித்துப் போட்டுத் தண்ணி காட்டி வளர்த்தவர் அவர்தானே. அவரிடம் கேட்டுப் பார்த்தீர்களா? கேட்டால் சொல்ல மாட்டார், அந்தத் தலைமுறை அப்படித்தான். அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது, சின்னான் மேய்ந்த கொறங்காட்டுக்கு அவர்கள் இரண்டு பேரை மட்டும் அனுப்புங்கள். பையன் கையில் அவனுடைய சொம்பு இருக்கட்டும். நீங்கள் வீட்டிலேயே இருங்கள்.

அன்புடன்,
அக்கா